கை நுழையாத இடத்துக்கு எந்தப் பாலிஷர்?

கார் பெயிண்டைத் தேய்த்து மெருகேற்றும்போது பானெட், ரூஃப், கதவு எல்லாவற்றையும் 150 மி.மீ. பேட் (ஃபோம் வட்டு) போட்ட பெரிய பாலிஷர் பார்த்துக்கொள்ளும். அது தொட முடியாமல் விட்டுவைக்கும் இடங்கள்தான் தலைவலி: கதவுக் கைப்பிடிக்குப் பின்னால் உள்ள குழி, சைடு மிரரின் அடிப்பாகம், கண்ணாடிக்கும் கதவுக்கும் நடுவே நிற்கும் பில்லர், ஸ்பாய்லரின் கீழ்ப்புறம், நம்பர் பிளேட் உட்காரும் பள்ளம், ஃபாக் லாம்ப்பைச் சுற்றிய பம்பர் மடிப்பு. கைப்பிடிக் குழியில் விரல் நகமும் மோதிரமும் போட்ட கோடுகள் கருப்பு வண்டியில் வெயில் பட்டதும் முதலில் தெரியும். பளபளக்கும் பானெட்டுக்குப் பக்கத்தில் அந்தக் குழி மங்கலாக இருந்தால் வேலை பாதியில் நின்ற மாதிரிதான் இருக்கும்.

இந்த இடங்களுக்கென்று வரும் சின்ன பாலிஷர்களின் பெட்டியில் வாட்ஸும் அதிகபட்ச ஆர்.பி.எம்.மும் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அவற்றை வைத்து முடிவெடுக்க வேண்டாம். பேடின் விட்டம், த்ரோ, குறைந்தபட்ச வேகம் ஆகிய மூன்றையும் பாருங்கள். அவற்றிலும் கடைசியாகச் சொன்னதைத்தான் பலரும் கேட்காமலே வாங்கிவிடுகிறார்கள்.

முதலில் ஸ்கேல், பிறகு கடை

ஒரு ஸ்கேலை எடுத்துக்கொண்டு வண்டியை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். ஒவ்வொரு இடுக்கிலும் இரண்டு அளவு வேண்டும். ஒன்று, பேட் ஓட வேண்டிய பரப்பின் அகலம். இன்னொன்று, அந்தப் பரப்புக்கு மேலே எதுவும் தடுக்காமல் இருக்கும் உயரம். ஸ்பாய்லரின் கீழும் ரூஃப் ரெயிலின் பக்கத்திலும் அகலம் போதுமானதாக இருக்கும், மெஷினின் தலைதான் உள்ளே போகாது. தலையின் உயரத்தைக் கடையில் அளக்கும்போது பேடை மாட்டிவிட்டு அளக்க வேண்டும். பேட் இல்லாமல் ஒல்லியாகத் தெரியும் மெஷின், 25 மி.மீ. தடிமனான பேடைப் போட்டதும் அந்த ஸ்பாய்லருக்குள் நுழைய மறுக்கும்.

அடுத்து த்ரோ. ஆர்பிட்டல் மெஷினில் பேட் தன் அச்சில் சுழல்வதோடு ஒரு சின்ன வட்டத்திலும் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த வட்டத்தின் விட்டம்தான் த்ரோ. சின்ன மெஷின்களில் 3 மி.மீ., 12 மி.மீ. என்ற இரண்டும்தான் அதிகம். அகலம் பார்க்கும்போது பேடின் அளவோடு த்ரோவைக் கூட்டிக்கொள்ள வேண்டும். 50 மி.மீ. பேடை 12 மி.மீ. த்ரோவில் ஓட்டினால் அது அள்ளும் அகலம் 62 மி.மீ. உங்கள் கைப்பிடிக் குழி 60 மி.மீ. என்றால் பேடின் விளிம்பு ஒவ்வொரு ஆட்டத்திலும் கைப்பிடியின் அடியில் போய் இடிக்கும், ஃபோம் நார்நாராகக் கிழியும். அதே பேடை 3 மி.மீ. த்ரோவில் ஓட்டினால் 53 மி.மீ.தான், தாராளமாகப் போகும். 30 மி.மீ. பேடும் 3 மி.மீ. த்ரோவும் சேர்ந்தால் 33 மி.மீ. பில்லரின் ஓரங்களுக்கும் எழுத்து பேட்ஜ்களைச் சுற்றியும் இந்த ஜோடியை விட்டால் வேறு இல்லை.

அளந்த எண்களை ஒரு தாளில் எழுதிப் பார்த்தாலே பாதி முடிவு வந்துவிடும். பெரும்பாலான இடங்கள் 90 மி.மீ.க்கு மேல் இருந்தால் 75 மி.மீ. பேட் போடும் மெஷின் போதும். 40 முதல் 65 மி.மீ.க்குள் வந்தால் 50 மி.மீ., 30 மி.மீ. பேட் இரண்டும் மாட்டக்கூடிய மெஷின் தேவை.

குறைந்தபட்ச வேகம் ஏன் முக்கியம்

ஒரு கணக்குப் போடலாம். 150 மி.மீ. பேடை 1,000 ஆர்.பி.எம்.மில் சுற்றினால் அதன் விளிம்பு விநாடிக்கு ஏறக்குறைய 7.9 மீட்டர் ஓடுகிறது. 50 மி.மீ. பேட் அதே வேகத்தில் உரச 3,000 ஆர்.பி.எம். வேண்டும். இதைப் பார்த்தால் சின்ன பேடை எவ்வளவு வேகமாகவும் ஓட்டலாம் என்று தோன்றும். பெயிண்ட் எரிவது இந்த இடத்தில்தான்.

50 மி.மீ. பேடின் பரப்பு 150 மி.மீ. பேடின் பரப்பில் ஒன்பதில் ஒரு பங்கு. கை அதே பாரத்தில் அழுத்தினால் பெயிண்ட் மீது விழும் அழுத்தம் ஒன்பது மடங்காகிறது. பானெட்டில் மெஷின் நகர்ந்துகொண்டே இருக்கும், சூடு பரவ இடமுண்டு. கைப்பிடிக் குழியில் நகர்வதற்கு நான்கு விரல் அகலம்தான். அதே புள்ளியைப் பேட் விநாடிக்குப் பலமுறை உரசுகிறது. போதாக்குறைக்கு மிரர் மூடி, பம்பர், ஸ்பாய்லர் எல்லாம் பெரும்பாலும் பிளாஸ்டிக். இரும்புத் தகடு சூட்டை இழுத்துப் பக்கவாட்டில் பரப்பிவிடும். பிளாஸ்டிக் அப்படிச் செய்யாது, சூடு பெயிண்டிலேயே தேங்கி நிற்கும்.

கம்பெனி பெயிண்டில் மேலே இருக்கும் நிறமில்லாத பூச்சான கிளியர் கோட் பொதுவாக 35 முதல் 50 மைக்ரான். தலைமுடியைவிட மெல்லியது. கூர்மையான விளிம்பிலும் உடல் கோடுகளிலும் இதைவிடக் குறைவாக இருக்கும், ஏனென்றால் ஈரப் பெயிண்ட் விளிம்பிலிருந்து விலகி ஓடும். இடுக்குகளில் முழுக்க விளிம்புகள்தான். போதாததற்கு சாதாரண பெயிண்ட் கேஜ் உலோகத்தின் மேல் மட்டும் அளக்கும், பம்பரில் எண் காட்டாது. எவ்வளவு மிச்சம் என்று தெரியாமலே வேலை செய்கிறோம்.

அதனால் கடையில் கேட்க வேண்டிய கேள்வி: ‘ரோட்டரியில் இது எவ்வளவு மெதுவாகச் சுற்றும்?’ ரோட்டரி என்றால் பேட் வட்டத்தில் ஆடாமல் தன் அச்சில் மட்டும் சுற்றுவது. 2,000 ஆர்.பி.எம்.மிலோ அதற்குக் கீழேயோ தொடங்கினால் நல்லது. 4,000-க்குக் கீழே இறங்காத மெஷின் வேண்டாம். விசையை அழுத்தியதும் மெல்ல வேகம் ஏறுகிறதா, எடுத்த எடுப்பில் பாய்கிறதா என்றும் பாருங்கள். பாய்ந்தால் பேடில் இருக்கும் பாலிஷ் முழுவதும் கண்ணாடியிலும் உங்கள் சட்டையிலும்.

ரோட்டரியா, ஆர்பிட்டலா

ரோட்டரி வேகமாக வெட்டும், அதாவது கீறல் உள்ள மேல்படலத்தைச் சீக்கிரம் தேய்த்தெடுக்கும், உள்வளைவான இடத்திலும் நிற்காமல் சுற்றும். ஆனால் சூடு அதிகம், வெயிலில் சாய்த்துப் பார்த்தால் ஹோலோகிராம் (பேட் ஓடிய தடம் மினுங்கும் கோடுகள்) தெரியும். 12 மி.மீ. ஆர்பிட்டல் கீறலை நன்றாக எடுக்கும், ஹோலோகிராம் வராது. ஆனால் வளைந்த இடத்தில் பேடின் ஒரு பக்கம் அழுந்தினாலும் சுழற்சி நின்றுவிடும், வெறும் அதிர்வு மட்டும் மிஞ்சும். 3 மி.மீ. மெதுவாகத்தான் வேலை செய்யும். கட்டுப்பாடு என்று பார்த்தால் இதற்கு ஈடில்லை. ஃபினிஷிங்குக்கும் விளிம்புகளுக்கும் இதுதான்.

ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் தலையை மாற்றி மூன்று விதமாகவும் ஓட்டக்கூடிய 12 வோல்ட் மெஷினை வாங்குங்கள். ரூபெஸ் ஐபிரிட் நானோ, ஃபிளெக்ஸ் பிஎக்ஸ்இ 80 இரண்டும் இந்த வகை. ரோட்டரி, 3 மி.மீ., 12 மி.மீ. என மூன்று தலைகளும் அவற்றுக்கு உண்டு. இதே வடிவத்தில் விலை குறைந்த சீனத் தயாரிப்புகளும் நிறைய கிடைக்கின்றன. அவற்றில் மோட்டாரைவிட அந்த மாற்றுத் தலைகளைத்தான் சோதிக்க வேண்டும். மாட்டிய பிறகு பேக்கிங் பிளேட்டை (பேட் ஒட்டும் தட்டு) இரண்டு விரலால் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பெயிண்டிலும் அது தெரியும். எந்தத் தலை செட்டோடு வருகிறது, எதைத் தனியாக வாங்க வேண்டும் என்பதையும் கேளுங்கள். சில பெட்டிகளில் ரோட்டரி மட்டும்தான் இருக்கும்.

தினமும் இரண்டு மூன்று வண்டி வரும் கடைக்குக் கணக்கு வேறு. அங்கே 75 மி.மீ. பேடுக்கென்றே செய்த ஒயர் மெஷின் ஒன்று தனியாக இருக்க வேண்டும். ரூபெஸ் எல்எச்ஆர் 75இ மாதிரி 12 மி.மீ. த்ரோ உள்ளது பொருத்தம். பில்லரையும் பம்பரையும் அது முடிக்கும், 30 மி.மீ. வேலைக்கு மட்டும் பேட்டரி மெஷின். ஒயர் மெஷினில் கவனிக்க வேண்டியது ஒயர்தான். பாலிஷ் போட்ட கதவின் மேல் அது உரசிக்கொண்டே வந்தால் எடுத்த கீறலுக்குப் பதில் புதுக் கீறல். தோளின் மேல் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆர்பிட்டல் மெஷினுக்குள் ஒரு எதிர் எடை இருக்கும். குறிப்பிட்ட அளவு பேடின் எடைக்கேற்பத்தான் அதை வைத்திருப்பார்கள். 50 மி.மீ. மெஷினில் 80 மி.மீ. பிளேட்டை மாட்டினால் கை மரத்துப்போகும் அளவுக்கு அதிரும், பேரிங்கும் சீக்கிரம் போகும்.

பேட்டரிக் கணக்கு

பெட்டியில் 12 வோல்ட் என்றிருப்பதும் 10.8 வோல்ட் என்றிருப்பதும் ஒன்றுதான். உள்ளே 3.6 வோல்ட் செல் மூன்று. முழு சார்ஜில் 12.6 வரை ஏறும், சராசரி 10.8. 2.5 ஆம்பியர் மணி பேட்டரி என்றால் 10.8 பெருக்கல் 2.5, அதாவது 27 வாட் மணி. மோட்டார் வேலையில் 100 வாட் இழுத்தால் 16 நிமிடம். ஒரு காரின் எல்லா இடுக்குகளுக்கும் இது போதாது. இரண்டு பேட்டரி இல்லாத செட்டை வாங்க வேண்டாம். ஒன்று ஓடும்போது இன்னொன்று சார்ஜ் ஏற வேண்டும், ஆகவே சார்ஜ் ஆகும் நேரத்தையும் கேளுங்கள்.

சூடாக இருக்கும் பேட்டரியை உடனே சார்ஜரில் போடாதீர்கள். மே மாத வெயிலில் நிற்கும் காருக்குள் பேட்டரியை விட்டுவைப்பதும் அதன் ஆயுளைக் குறைக்கும்.

அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவருகிறார் என்றால் சார்ஜரின் பின்னால் உள்ள ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 120 வோல்ட் மட்டும் என்றிருந்தால் இங்குள்ள 230 வோல்ட்டில் செருகிய நொடியே புகைந்துவிடும். சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து வந்தால் இந்தச் சிக்கல் இல்லை. விமானத்தில் தனி பேட்டரிகளைக் கைப்பையில்தான் கொண்டுவர வேண்டும், பெட்டியில் போட்டு அனுப்பக் கூடாது.

டிரில்லும் கிரைண்டரும்

‘வீட்டில் டிரில் இருக்கிறதே’ என்பது நியாயமான கேள்வி. 50 மி.மீ. பேடை டிரில்லில் மாட்டி 1,500 ஆர்.பி.எம்.மில் ஓட்டினால் விளிம்பு வேகம் விநாடிக்கு 4 மீட்டர் வரும். ஹெட்லைட் மூடியை மெருகேற்ற அது போதும். பெயிண்டில் டிரில்லைத் தட்டையாகப் பிடிப்பது கடினம், பேட் ஒரு பக்கம் சாய்ந்து அரை நிலா வடிவில் கோடு போடும். டிரில்லின் முனையைப் பிடிக்கும் சக் போய் பெயிண்டில் இடிப்பதும் உண்டு.

கிரைண்டருக்கு ஒரே பதில்தான்: வேண்டாம். பட்டறைகளில் இருக்கும் 4 இஞ்ச் கிரைண்டர் 11,000 ஆர்.பி.எம். அளவில் சுற்றுவது. எம்10 மறைக்கு அடாப்டர் கிடைக்கிறது என்பதற்காக 50 மி.மீ. பேடை மாட்டினால் விளிம்பு விநாடிக்கு 29 மீட்டர் ஓடும். வெல்க்ரோ உருகி பேட் பறக்கும், அதற்கு முன்பே பெயிண்ட் போயிருக்கும்.

ஏற்கெனவே எம்14 மறையுள்ள பெரிய ரோட்டரி வைத்திருப்பவர்கள் எக்ஸ்டென்ஷன் ராடும் சின்ன பிளேட்டும் வாங்கிச் சமாளிக்கலாம். 600 ஆர்.பி.எம்.மிலிருந்து ஓடும் மெஷினாக இருந்தால் இது மோசமில்லை. செலவும் குறைவு. ஆனால் ராடு நீளமாக நீளமாக முனையில் ஆட்டம் கூடும், இரண்டு கிலோ மெஷினை நீட்டிப் பிடித்து நம்பர் பிளேட் பள்ளத்தில் வேலை செய்தால் பத்து நிமிடத்தில் தோள் இறங்கிவிடும்.

பேட்

மெஷினுக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கை பேடுக்கு வைத்துக்கொள்ளுங்கள். சின்ன பேட் சீக்கிரம் நிறைந்துவிடும். உரிந்த பெயிண்டும் காய்ந்த பாலிஷும் போய் உட்கார அதில் இடமே இல்லை. ஒரு காருக்கு 50 மி.மீ. அளவில் கட்டிங் (கீறல் எடுக்க) 4, பாலிஷிங் 4, ஃபினிஷிங் (கடைசி மெருகுக்கு) 2, கூடவே 30 மி.மீ.யில் ஆறு இருந்தால் நடுவில் நிறுத்தாமல் முடிக்கலாம்.

30 மி.மீ. பேட் தடிமனாக இருந்தால் தள்ளாடும், பிளேட்டும் பேடும் வேறு வேறு திசையில் இழுக்கும். 10 முதல் 15 மி.மீ. தடிமன் போதும். பேட் பிளேட்டைவிடச் சுற்றிலும் சில மி.மீ. பெரிதாக இருப்பது கட்டாயம். பிளேட்டின் கடினமான விளிம்பு ஒருமுறை மிரர் அடியில் பட்டாலே பெயிண்ட் தெறித்துவிடும். உல்லன் பேட் சின்ன ரோட்டரியில் நன்றாக வெட்டும், சூடும் குறைவு, ஆனால் நூல் இடுக்கெல்லாம் பறந்து உட்காரும்.

பிளேட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஆர்பிட்டல் ஓடும்போது கோடு சுற்றுவது கண்ணுக்குத் தெரிந்தால் பேட் வேலை செய்கிறது. ஒரே இடத்தில் நடுங்கினால் அழுத்தம் அதிகம், அல்லது பேட் சாய்ந்திருக்கிறது.

ஒரு கைப்பிடிக் குழி, தொடக்கம் முதல் முடிவு வரை

கழுவி, ஒட்டிய அழுக்கை எடுக்கும் களிமண் பட்டை (கிளே பார்) போட்டு, உலர்த்தியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கைப்பிடியின் உள்பக்கம், சாவித் துளை, ரப்பர் எல்லாவற்றுக்கும் மாஸ்கிங் டேப். பெயிண்ட் அடிக்காத சொரசொரப்பான கருப்பு பிளாஸ்டிக் பக்கத்தில் இருந்தால் அதை அவசியம் மூட வேண்டும். பாலிஷ் அதில் பட்டுக் காய்ந்தால் வெள்ளையாகத் திட்டுத் திட்டாக நிற்கும், பல் துலக்கும் பிரஷ்ஷோடு அரை மணி நேரம் போய்விடும்.

முதலில் மென்மையான ஜோடி: 30 மி.மீ. பாலிஷிங் ஃபோம், 3 மி.மீ. த்ரோ, நடுத்தர பாலிஷ். புதுப் பேடில் பாலிஷை விரலால் மெல்லியதாக முழுப் பரப்பிலும் தேய்த்துவிட்டு, மேலே பட்டாணி அளவில் பாதி. அதற்கு மேல் வைத்தால் பேட் வழுக்கும், வெட்டாது. மெஷினை ஓட விடாமல் பேடைப் பெயிண்டில் ஒற்றி, பரப்பில் வைத்த பிறகே விசையை அழுத்துங்கள். எடுக்கும்போதும் நிறுத்திவிட்டுத்தான் எடுக்க வேண்டும். குறைந்த வேகத்தில் பரப்பிவிட்டு, நடுத்தர வேகத்துக்கு ஏற்றி, விநாடிக்கு 2 செ.மீ. போல நகர்த்துங்கள். மெஷினின் எடையே போதும். குழியின் உதட்டுக்கு வரும்போது பேடின் கால் பங்குக்கு மேல் விளிம்பைத் தாண்ட விடாதீர்கள்.

நான்கு சுற்று முடிந்ததும் நிறுத்தி, புறங்கையை வையுங்கள். வெதுவெதுப்பு இருக்கலாம். கையை இழுத்துக்கொள்ளும் அளவு சூடு என்றால் ஆறும்வரை அடுத்த கதவுக்குப் போங்கள். அகச்சிவப்பு வெப்பமானி இருந்தால் 50 டிகிரியைத் தாண்ட விடாமல் பார்த்துக்கொள்ளலாம்.

மைக்ரோஃபைபர் துணியால் துடைத்து, தண்ணீர் கலந்த ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் ஒருமுறை துடையுங்கள். பாலிஷில் இருக்கும் எண்ணெய் கீறலை மூடி மறைக்கும். அதை எடுத்த பிறகு டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். கோடு இன்னும் இருந்தால் 12 மி.மீ. த்ரோவுக்கு மாறுங்கள், இடம் கொடுக்காவிட்டால் ரோட்டரி. ரோட்டரி பட்ட இடம் ஒவ்வொன்றுக்கும் கடைசியில் 3 மி.மீ. ஃபினிஷிங் ஒரு சுற்று உண்டு. நகம் மாட்டும் ஆழமான கோட்டை முழுதாக எடுக்க முயல வேண்டாம். அது கிளியர் கோட்டைக் கடந்திருக்கலாம், விளிம்பை மழுக்கி மங்கச் செய்வதோடு விட்டுவிடுவதே புத்திசாலித்தனம்.

பேடை இரண்டு குழிக்கு ஒருமுறை பிரஷ்ஷால் சுத்தம் செய்து, நான்குக்கு ஒருமுறை மாற்றுங்கள். சூடான பேடைக் கழற்றும்போது ஓரத்தைப் பிடித்து இழுக்காமல் வெல்க்ரோ பக்கம் விரலை விட்டுப் பிரியுங்கள், இல்லாவிட்டால் ஃபோம் தனியாக வந்துவிடும்.

சில இடங்களில் இந்த முறை மாறும். பில்லரில் பளபளக்கும் பியானோ பிளாக் பிளாஸ்டிக் இருந்தால் அதில் பல வண்டிகளில் கிளியர் கோட்டே கிடையாது, துணி பட்டாலே கோடு விழும். ஃபினிஷிங் ஃபோம், ஃபினிஷிங் பாலிஷ், 3 மி.மீ., கீழ் வேகம், இதைத் தாண்டிப் போக வேண்டாம். ஹெட்லைட் மூடியைத் தேய்த்தால் அதன் மேலிருந்த புற ஊதாத் தடுப்புப் பூச்சு போய்விடும், மறுபடி பூசாமல் விட்டால் சில மாதங்களில் மஞ்சள் திரும்பும். மேட் பெயிண்டுக்கு எந்த பாலிஷரும் கூடாது. பிபிஎஃப் (பெயிண்டைக் காக்கும் ஃபிலிம்) ஒட்டிய வண்டியில் ஃபிலிமின் ஓரத்தைத் தொடாதீர்கள், சூட்டில் பசை இளகி ஓரம் தூக்கிக்கொள்ளும்.

மெஷின் கைக்கு வந்ததும் நேராக வண்டியில் இறங்காமல் காயலான் கடையிலிருந்து ஒரு பழைய பம்பரோ மிரர் மூடியோ வாங்கி வாருங்கள். சென்னையில் இருப்பவர்களுக்குப் புதுப்பேட்டை இருக்கிறது. அதன் ஒரு மூலையில் 50 மி.மீ. கட்டிங் பேடை ரோட்டரியில் போட்டு, நகர்த்தாமல், வேண்டுமென்றே எரித்துப் பாருங்கள். முதலில் பேட் ஒட்டுவதுபோல இழுக்கும், பிறகு ஒரு காரமான வாசம், அடுத்து பளபளப்பு செத்து ஒரு மங்கல் வட்டம், அதன் பிறகு நிறம் பேடில் ஏறும். எத்தனை விநாடி என்று வாய்விட்டு எண்ணுங்கள். அந்த எண்ணை மெஷினின் மேலேயே மார்க்கரால் எழுதி வைத்துக்கொள்ளலாம்.